தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் 21 அசைவுகள்

மதுரையில் எங்கள் கராத்தே வகுப்பு நடக்கிற கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. பிள்ளையைச் சேர்ப்பது பற்றிக் கேட்க வரும் பெற்றோர் பெரும்பாலும் அங்கேதான் என்னைப் பிடிப்பார்கள். போன வாரம் ஓர் அம்மா வந்தார். பையனுக்கு ஒன்பது வயதாம். அவனை அழைத்து வரவில்லை. டீ வந்த பிறகும் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார்.

“மாஸ்டர், என் பையனுக்கு ஆட்டிசம். ரெண்டு இடத்துல கேட்டேன். பாத்துட்டுச் சொல்றோம்னாங்க, அப்புறம் கூப்பிடவே இல்ல. நீங்க சேத்துக்குவீங்களா?”

“சேத்துக்கிறேம்மா. முதல்ல டீயைக் குடிங்க.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. இதே கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் வீடுகள் நிறைய இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அவருடைய முதல் கேள்வி: “அவனுக்கு எல்லாமே ஒரே மாதிரி நடக்கணும். ஸ்கூலுக்குப் போற வழியை மாத்தினாக்கூட அழுவான். புது எடத்துல, புது ஆளுங்களோட எப்படி நிப்பான்?”

இந்தக் குணத்தை முதலில் எழுதி வைத்தவர் லியோ கானர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவராக இருந்தவர். 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்று நாம் ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் சொல்வதன் மருத்துவ வரலாறு தொடங்குகிறது. அந்தக் குழந்தைகளிடம் இரண்டு விஷயங்களை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒன்று, தனக்குள்ளேயே இருப்பது. இன்னொன்று, எதுவும் மாறக் கூடாது என்ற தவிப்பு. மேசை நாற்காலி இடம் மாறினாலும், தினமும் செய்கிற வரிசை மாறினாலும் அவர்களால் தாங்க முடியவில்லை. கானருக்கு அது நோயின் அடையாளமாகத் தெரிந்தது. மருத்துவர் பார்வைக்கு அது சரிதான். எங்கள் கூடத்தில் நின்று பார்க்கிறவனுக்கு வேறு மாதிரித் தெரியும். ஒரே அசைவை, ஒரே வரிசையில், ஒரே அளவில், சலிக்காமல் ஆயிரம் தடவை செய்கிறவனைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரில் ஆள் இல்லாமல், முன்பே வகுத்து வைத்த அடிகளையும் தடுப்புகளையும் வரிசை மாறாமல் செய்து காட்டுவது. சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன்பே காலடி வரிசை பழக்குகிற வாத்தியார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஷோட்டோகான் முறையில் முதலில் கற்றுத்தருவது ஹெய்யான் ஷோடான். மொத்தம் 21 அசைவுகள்.

டீக்கடையில் கிடந்த பழைய செய்தித்தாளில் அதன் வழியை வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு நேர்கோடு, அதன் இரண்டு முனையிலும் ஒரு குறுக்குக்கோடு. ஆங்கில ஹெச் எழுத்தைப் படுக்க வைத்தால் வருகிற உருவம். ஒரு குறுக்குக்கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. பிள்ளை அங்கே நிற்பான். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, முன்னால் ஓர் அடி வைத்து ஒரு பஞ்ச். அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடி தடுப்பு, பஞ்ச். பிறகு நடுக்கோட்டில் நேராகப் போய் மேல்தடுப்பு மூன்று, மூன்றாவதில் ஒரு சத்தம். அந்த முனையிலும் இரண்டு பக்கம். திரும்பி வரும்போது பஞ்ச் மூன்று, அங்கே ஒரு சத்தம். கடைசியில் விரித்த கையால் தடுப்பு நான்கு. காலை இழுத்து நின்றால், தொடங்கிய அதே புள்ளி.

அந்த அம்மா புள்ளியில் விரலை வைத்து ஒரு சுற்று வந்தார். “திரும்ப இங்கேயேவா?” என்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியது அப்போதுதான்.

அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்து எந்தப் பக்கம் வரும், யார் கத்துவார்கள், யார் இடிப்பார்கள், ஒன்றும் தெரியாது. கட்டாவில் ஆறாவது அசைவுக்குப் பிறகு ஏழாவது. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். எத்தனை மீதி, எங்கே முடியும் என்பது தொடங்கும்போதே தெரியும்.

இந்த வரிசைக் கட்டாக்களின் பிறப்பும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தது. ஒகினாவா தீவில் இடோசு அங்கோ என்ற ஆசான் இருந்தார். அதுவரை வீட்டு முற்றங்களில், கண் மறைவாகச் சிலருக்கு மட்டும் சொல்லித்தந்த கலையை 1901-ல் ஆரம்பப் பள்ளிக்குள் கொண்டு போனவர். பெரியவர்கள் பழகும் நீளமான, சிக்கலான கட்டாக்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று, எளிய ஐந்து கட்டாக்களைத் தொகுத்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பினான். அவரிடம் கற்ற ஃபுனாகோஷி கிச்சின் அவற்றை ஜப்பான் பெருநிலத்துக்குக் கொண்டு சென்றபோது ஹெய்யான் என்று மாற்றினார். எழுத்து ஒன்றே, உச்சரிப்புதான் வேறு. அமைதி, பத்திரம் என்று பொருள். ஃபுனாகோஷியே சிறு வயதில் நோஞ்சானாக இருந்தவர். உடம்பு தேறத்தான் பழக வந்தார். எல்லாரையும் போல ஓடியாட முடியாத பிள்ளையை இந்தக் கலைக்குள் கூட்டி வருவது புதுப்பழக்கம் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கதை.

“இதனால பலன் இருக்குன்னு யாராச்சும் பாத்திருக்காங்களா? நீங்க கராத்தே மாஸ்டர், நல்லதுன்னுதானே சொல்வீங்க” என்றார் அந்த அம்மா. நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் எந்த வகுப்புக்கும் பணம் கட்டக் கூடாது.

பார்த்திருக்கிறார்கள். ஈரானின் இஸ்பஹான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாத்திமா பஹ்ராமி, அஹ்மத்ரெஸா மொவஹெதி குழுவினர் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 5 வயது முதல் 16 வயது வரை, ஆட்டிசம் உள்ள 30 பிள்ளைகள். 15 பேருக்குக் கட்டா பயிற்சி, 15 பேருக்கு இல்லை. வாரத்துக்கு நான்கு நாள், 14 வாரம், ஆக 56 வகுப்புகள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போல ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் பயிற்சி பெற்றவர்களிடம் சராசரியாக 42 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. பயிற்சியை நிறுத்தி 30 நாள் கழித்துப் பார்த்தபோதும் பழைய நிலைக்குப் போகவில்லை. மற்ற 15 பேரிடம் அப்படி மாற்றம் இல்லை. இதே குழு 2013-ல் மற்றவர்களோடு பழகுவதைப் பற்றியும், 2016-ல் கருத்தைத் தெரிவிப்பதில் உள்ள சிரமத்தைப் பற்றியும் எழுதியது. இரண்டிலும் முன்னேற்றம் கண்டதாகவே சொன்னார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேனிஸ் ஃபங், வெண்டி கோல்ட்பெர்க் இருவரும் வேறொன்றைப் பார்த்தார்கள். 8 முதல் 11 வயது வரையுள்ள 34 பிள்ளைகளோடு, பல தற்காப்புக் கலைகளைக் கலந்த 26 வகுப்புகள், 13 வாரம். நினைத்ததை நிறுத்தி வைப்பது, விதி மாறும்போது தானும் மாறிக்கொள்வது, சொன்னதை மனதில் வைத்திருப்பது ஆகியவற்றில், வகுப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளைவிடப் பழகியவர்கள் நன்றாகச் செய்தார்கள். 2019-ல் வந்த கட்டுரை அது.

எண்ணிக்கையைப் பாருங்கள்: 30, 34. இவை சின்ன ஆய்வுகள். உங்கள் பையனுக்கும் 42 விழுக்காடு குறையும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். இஸ்பஹானில் அந்தப் பிள்ளைகள் வாரத்தில் நான்கு நாள் வந்தார்கள். இங்கே சனி, ஞாயிறு மட்டும் வந்து அதே பலனை எதிர்பார்ப்பதும் சரியாகாது.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். இது என் கருத்து, ஆனால் பல ஆண்டுகள் பார்த்து வந்தது. கை உதறுவது குறைந்தது என்பதை அந்த ஆய்வு வெற்றியாக எழுதுகிறது. தன்னையே காயப்படுத்திக்கொள்கிற அளவுக்குப் போகும் பழக்கம் குறைந்தால் நானும் சந்தோஷப்படுவேன். மற்றபடி, கையை உதறுவது பிள்ளை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர் இதைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் தாங்காதபோது அதுதான் எங்களைப் பிடித்து நிறுத்துகிறது, அதைப் பிடுங்காதீர்கள் என்று. அதனால் என் வகுப்பில் கை உதறுகிற பிள்ளையின் கையை யாரும் பிடித்து நிறுத்த மாட்டார்கள். தடுப்புக்கும் தடுப்புக்கும் நடுவே உதறிவிட்டு அடுத்த அசைவுக்கு வந்தால் வரட்டும். கட்டா அதற்கு மேல் ஒரு வழியைக் கொடுக்கிறது. உதறலுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்வதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா என்பது அவன் முடிவு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எல்லாரும் கையைக் கீழ போடுன்னுதான் சொல்லுவாங்க மாஸ்டர். நானும் சொல்லியிருக்கேன்” என்றார். இரண்டாவது டீ சொன்னேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தன் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு மங்கலாக இருக்கும். நடை தடுமாறும், பென்சிலை முனை உடையும்படி அழுத்துவார்கள். ஒரு பஞ்ச்சை மெதுவாகப் பாருங்கள். வலக்கை முன்னே போகும் அதே நொடியில் இடக்கை பின்னே வந்து இடுப்பில் ஒட்ட வேண்டும். முன்னங்கால் மடங்கி, பின்னங்கால் நீண்டு, பாதம் முழுதும் தரையில். உடம்பின் இரண்டு பக்கமும் எதிரெதிர் வேலையை ஒரே நேரத்தில் செய்கின்றன. முஷ்டி இடுப்பில் வந்து இடிக்கும்போது கை வந்து சேர்ந்துவிட்டது என்று உடம்புக்கே தெரிகிறது. கண்ணாடி பார்க்கத் தேவையில்லை.

பெல்ட்டும் அப்படித்தான். டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசம் உள்ள விஞ்ஞானி, மாடுகளைத் தடுப்பூசிக்காக நிறுத்தி வைக்கும் அழுத்துக் கூண்டைப் பார்த்துவிட்டு, தன் உடம்பைப் பக்கவாட்டில் இறுக்கும் ஒரு பெட்டியை இளம் வயதிலேயே தனக்காகச் செய்துகொண்டார். அந்த அழுத்தம் அவரை அமைதிப்படுத்தியது. இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்த பெல்ட்டை, வகுப்பு முடிந்த பிறகும் அவிழ்க்க மறுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வரும். சிலருக்கு இதற்கு நேரெதிர். புதுக் கராத்தே டிரெஸ்ஸின் கஞ்சி மொடமொடப்பும், கழுத்தில் உரசும் லேபிளும் நெருப்பு மாதிரி இருக்கும். லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், நாலு தடவை துவைத்த பிறகு போட்டுவிடுங்கள். அதுவும் முடியாதென்றால் பழைய பனியனோடு வரட்டும். டிரெஸ் இல்லாததால் எந்தப் பிள்ளையையும் நான் வெளியே நிறுத்த மாட்டேன்.

அடுத்து, எல்லாப் பெற்றோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. “சண்டை கத்துக்கிட்டு யாரையாச்சும் அடிச்சிட்டான்னா?”

இரைச்சல் தாங்காமலோ, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமலோ கை ஓங்குகிற பிள்ளைக்கு அதைக் கராத்தே கற்றுத்தரவில்லை. அது முன்பே இருக்கிறது. நாங்கள் செய்யக்கூடியது, அடி எங்கே, எப்போது என்பதற்கு ஒரு வரம்பு போடுவது. “நல்லவங்களை அடிக்கக் கூடாது” என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. யார் நல்லவர்? “பஞ்ச் பயிற்சி விரிப்பில் மட்டும். பஞ்ச் பேடில் மட்டும்.” இவ்வளவுதான். படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை, இப்படித் தெளிவாகச் சொன்ன விதியை மற்ற பிள்ளைகளைவிட உறுதியாகக் காப்பாற்றுவான். நேருக்கு நேர் மோதும் குமிதேயை நான் அவசரப்பட்டுத் தொடங்குவதில்லை. சிலர் அதுவரை போகவே வேண்டாம். கட்டாவை மட்டும் வாழ்நாள் முழுதும் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதை நான் புரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகு. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பையனிடம் “செவத்தப் பாத்து நில்லு, வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, கதவருகே வந்த ஒரு பெற்றோரிடம் பேசப் போய்விட்டேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடித்து விளையாடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் மூக்கு சுவரில் படுகிற தூரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கால் நடுங்கியது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து, ஒரு வேலை சொன்னால் அது எப்போது முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். “பத்து எண்ணுற வரைக்கும் நில்லு.”

இதில் எங்களுக்குக் கைகொடுப்பது கராத்தேயின் ஜப்பானியச் சொற்கள். நம் வீட்டில் ஒரு பிள்ளையை நிறுத்த எத்தனை விதமாகச் சொல்கிறோம் பாருங்கள்: நில்லு, நில்லுடா, போதும், அப்படியே இரு, ஆடாத, சொன்னாக் கேக்க மாட்ட? ஒவ்வொன்றையும் புதுச் சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அது எத்தனை பாடு. வகுப்பில் “யாமே” என்றால் நிறுத்து. கோபமாக இருந்தாலும் சிரித்தாலும் அதே “யாமே”. “யோய்” என்றால் தயார், “ஹாஜிமே” என்றால் தொடங்கு, “ரெய்” என்றால் வணக்கம். இச், நி, சான் என்று எண்ணிக்கை. ஒரு பத்துப் பதினைந்து சொல்லுக்குள் ஒரு வகுப்பு முழுவதும் ஓடிவிடும். வீட்டில் அதிகம் பேசாத பிள்ளை ஒருவன் இங்கே முதன்முதலாக உரக்கச் சொன்ன சொல் “இச்”.

“நீங்க அவனுக்காக என்ன மாத்துவீங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதிலேயே முக்கியமானது இது. சேர்த்துக்கொள்வது சுலபம். மூன்றாம் நாளே பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் பீஸ் கட்டிக்கொண்டிருக்கும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதிரில் நின்று சொல்லிக்கொடுக்க மாட்டேன். எதிரில் நின்றால் என் இடக்கை அவனுக்கு வலப்பக்கம். அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வது இவர்களுக்குக் கடினம். அவன் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு, ஒரு கை தூரம் முன்னே பக்கவாட்டில் நிற்பேன். தரையில் டேப் ஒட்டியிருக்கும், நான் செய்தித்தாளில் வரைந்த அதே உருவம். முதல் மாதம் மூன்று அசைவு மட்டும். தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுவேன். பிடிக்காதென்றால் தொடவே மாட்டேன், ஒரு குச்சி முனையால் கால் வைக்கும் இடத்தைக் காட்டுவேன். வரிசையில் காத்திருக்க வைக்க மாட்டேன், ஏனென்றால் வேலையில்லாத ஐந்து நிமிடம் அவனுக்கு ஒரு மணி நேரம் மாதிரி. தகரக் கூரைக்கு அடியில் 30 பேர் ஒன்றாகக் கத்தினால் எனக்கே காது அடைக்கும். அதனால் சத்தம் போடும் அசைவுக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டுவேன், அவன் காதைப் பொத்திக்கொள்ளலாம். கதவு தாழிட்டிருக்கும், திடீரென்று ஓடும் பிள்ளைகள் உண்டு.

அவர் எனக்குச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. வலிப்பு வந்திருக்கிறதா? ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம், டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. தெரபி எதையும் இதற்காக நிறுத்த வேண்டாம்; பேச்சுப் பயிற்சியின் வேலையைக் கட்டா செய்யாது. தாங்க முடியாமல் போவதற்கு முன்னால் அவன் முகத்தில், கையில் என்ன தெரியும்? அதை என்னைவிட அம்மாவுக்குத்தான் தெரியும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளில் ஆட்டிசத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதனால் ஒரு வகுப்பில் இடம் கேட்கும்போது கூனிக் குறுகிக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

பெல்ட் டெஸ்ட் பற்றிக் கேட்டார். மற்றவர்களுக்கு உள்ள அதே 21 அசைவு. பார்வையாளர் இல்லாத நேரத்தில் வைப்பேன், எத்தனை மாதம் ஆனாலும் காத்திருப்பேன். இரக்கப்பட்டுப் பெல்ட் கொடுக்க மாட்டேன். அது அவனுக்குச் செய்யும் மரியாதை.

கிளம்பும்போது, அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். போனைக் கொடுங்கள் என்று வாங்கி, சாலையைக் கடந்து அவரோடு போய்ப் படம் எடுத்துக் கொடுத்தேன். வெளிக்கதவு, செருப்பு விடும் இடம், தண்ணீர்ப் பானை, டேப் ஒட்டிய தரை, நடுவில் அந்தப் புள்ளி. இந்த வரிசையிலேயே தினமும் ஒரு தடவை காட்டுங்கள் என்றேன். கடைசிப் படம் என்னுடையது. வெள்ளை டிரெஸ், கறுப்பு பெல்ட், இடப்பக்க ஜன்னல் ஓரம்.

புதன்கிழமை நாலரைக்கு வருவதாகப் பேச்சு. அந்த நேரத்தில் கூடத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வழக்கமாகப் புதன்கிழமை நான் கராத்தே டிரெஸ் போடுவதில்லை. அன்றைக்குப் போட்டுக்கொண்டு அதே ஜன்னல் ஓரம் நிற்பேன்.